முழங்காலும் நாள்காட்டியும்

(உடற்கல்வி ஆசிரியர்கள், பயிற்சியாளர்கள், பெற்றோர்கள் கூடிய கூட்டத்தில் ஓர் எலும்பு மூட்டு மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரண்டு பேருடைய கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூன் தொடக்கத்தில் பிரெஞ்சு ஓபன் ஆடிக்கொண்டிருந்த டென்னிஸ் வீரர் நோவாக் ஜோகோவிச்சுக்கு வலது முழங்காலில் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு கிழிந்தது. ஜூன் 5 அன்று அறுவை சிகிச்சை. ஜூலை 14 அன்று விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் நிற்கிறார். தோற்றார், ஆனால் நின்றார். ஆகஸ்ட் 4 அன்று பாரிஸில் ஒலிம்பிக் தங்கம். அப்போது வயது 37.

இன்னொருவர் சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணியில் ஆடிய லோன்ஸோ பால். 2022 ஜனவரி 14 அன்று இடது முழங்காலில் அடிபட்டது. அவருக்கும் மெனிஸ்கஸ் கிழிசல் என்றுதான் முதலில் செய்தி வந்தது. வயது 24. அவர் மறுபடி களமிறங்கியது 2024 அக்டோபரில். நடுவில் மூன்று அறுவை சிகிச்சைகள். மூன்றாவதில், இறந்துபோன கொடையாளரிடமிருந்து எடுத்த குருத்தெலும்பையும் மெனிஸ்கஸையும் பொருத்தினார்கள். ஆயிரம் நாளுக்கு மேல் ஆட்டமில்லை.

முதியவர் இரண்டு மாதத்தில் தங்கம் வாங்க, இளையவர் இரண்டே முக்கால் ஆண்டு உட்கார்ந்திருந்தார். ஜோகோவிச்சின் கதை வந்த பிறகு எங்கள் வேலை கடினமாகிவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். "டாக்டர், அவரே அஞ்சு வாரத்துல ஆடிட்டாரே, எங்க பையனுக்கு மட்டும் ஏன் ஆறு மாசம் சொல்றீங்க?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. நியாயமான கேள்வி. இன்றைய பேச்சு முழுக்க அதற்கான பதில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்காலுக்குள் குருத்தெலும்பு இரண்டு வகையாக இருக்கிறது. தொடை எலும்பின் முனை, கணைக்கால் எலும்பின் தலை, முட்டிச் சில்லின் உட்புறம், இந்த மூன்றின் மேலும் வெள்ளையாக, வழவழவென்று ஒட்டிக்கொண்டிருப்பது மூட்டுக் குருத்தெலும்பு. பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் இரண்டிலிருந்து நான்கு மில்லிமீட்டர். இன்னொன்று அந்த எலும்புகளுக்கு நடுவே பிறை வடிவத்தில் உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று செருகியிருக்கும் மெனிஸ்கஸ். இவற்றோடு எலும்பையும் எலும்பையும் கட்டியிருக்கும் ஏ.சி.எல். முதலான தசைநார்கள். "ஜவ்வு கிழிஞ்சுடுச்சு" என்று வருகிறவருக்கு இவற்றில் எது போயிருந்தாலும் வலி ஒன்றுதான். ஆனால் சிகிச்சையும் காலமும் மூன்றுக்கும் வேறு வேறு.

மூட்டுக் குருத்தெலும்பின் சிக்கலை 1743-லேயே ஒருவர் சொல்லிவிட்டார். வில்லியம் ஹன்ட்டர் என்ற உடற்கூறியல் அறிஞர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில், குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் திரும்ப வளர்வதில்லை என்று எழுதினார். காரணம் இன்று நன்றாகத் தெரியும். அதில் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பு கிடையாது. எடையில் முக்கால் பங்கு வரை தண்ணீர்; மீதி கொலாஜன் நாரும் தண்ணீரைப் பிடித்து வைக்கும் புரதக் கூட்டுகளும். செல்கள் நூற்றில் ஐந்து பங்குகூடத் தேறாது. அவையும் தத்தம் குழிக்குள் அடைபட்டுக் கிடப்பவை, காயம்பட்ட இடத்துக்கு நகர்ந்து வர முடியாது. தோல் வெட்டுப்பட்டால் ரத்தம் உறைந்து, அந்த உறைவின் மேல்தான் புதுத் திசு வளர்கிறது. இங்கே ரத்தமே வராது, ஆறுவது எங்கிருந்து?

நரம்பு இல்லாததன் இன்னொரு விளைவையும் பயிற்சியாளர்கள் கவனிக்க வேண்டும். குருத்தெலும்பு தானாக வலிக்காது. அடியில் உள்ள எலும்பும், மூட்டைச் சுற்றிய உறையும்தான் வலிக்கும். அதனால் முழு ஆழத்துக்குக் குழி விழுந்த முழங்காலோடு ஒருவர் ஒரு பருவம் முழுக்க ஆடிவிட முடியும். 2010-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பரிசோதிக்கப்பட்ட விளையாட்டு வீரர்களில் ஏறக்குறைய 36 விழுக்காட்டினருக்கு முழு ஆழக் குருத்தெலும்புச் சிதைவு இருந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆகவே எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு குழி தெரிந்தவுடனே கத்தியைத் தேட வேண்டாம். வலிக்குக் காரணம் அந்தக் குழிதானா என்று முதலில் உறுதியாக வேண்டும்.

களத்தில் நிற்பவர்களுக்கு எம்.ஆர்.ஐ.யைவிட அவசரமாகத் தேவைப்படுவது வீக்கத்தின் நேரம். கபடியில் ரெய்டு போனவரின் கணுக்காலைப் பிடிக்கிறார்கள். பாதம் விரிப்பில் பதிந்து நிற்கிறது, உடம்பு திரும்பிவிடுகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் மூட்டு பந்துபோல் வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். ஏ.சி.எல். அறுந்திருக்கலாம், அல்லது குருத்தெலும்பு அடி எலும்போடு சேர்ந்து பெயர்ந்திருக்கலாம். இரவு படுத்து எழுந்த பிறகு மெதுவாக வீங்கினால் மெனிஸ்கஸ் பக்கம் சந்தேகம் போகும். காலை நீட்டவே முடியாமல் பூட்டிக்கொண்டால், கிழிந்த மெனிஸ்கஸோ பெயர்ந்த துண்டோ நடுவில் சிக்கியிருக்கிறது. அதை நீவி எடுக்கப் பார்க்காதீர்கள். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு இழுத்தால், தைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய மெனிஸ்கஸ் கந்தலாகும்.

மெனிஸ்கஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். முழங்காலின் எதிர்காலம் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. ஒரு காலத்தில் இதை வேண்டாத உறுப்பு என்று நினைத்து, கிழிந்தால் முழுவதையும் எடுத்து எறிந்தார்கள். 1948-இல் ஃபேர்பேங்க் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், மெனிஸ்கஸ் எடுக்கப்பட்ட முழங்கால்களின் எக்ஸ்ரே படங்களில் மூட்டு இடைவெளி குறுகுவதையும் எலும்பு விளிம்பு கூராவதையும் காட்டினார். சுமையைப் பரப்பிக் கொடுக்கும் பொருள் போனதும், முழு எடையும் குருத்தெலும்பின் ஒரு சிறு இடத்தில் விழுகிறது. அது தேய்கிறது.

இன்று இரண்டு வழிகள். கிழிந்த பகுதியை மட்டும் வெட்டி ஓரத்தைச் சீராக்குவது ஒன்று. நான்கிலிருந்து ஆறு வாரத்தில் பலர் ஆட்டத்துக்குத் திரும்பிவிடலாம். ஜோகோவிச்சின் நாள்காட்டி இந்த வகையைச் சேர்ந்தது. தையல் போட்டுக் காப்பாற்றுவது மற்றொன்று. அதற்கு நான்கிலிருந்து ஆறு மாதம். மெனிஸ்கஸின் வெளி ஓரத்துக்கு மட்டும் ரத்த ஓட்டம் உண்டு, அங்கே போடும் தையல் பிடிக்கும். உள் ஓரத்தில் பிடிப்பது கடினம். எனவே எல்லாக் கிழிசலுக்கும் தையல் போட முடியாது. போட்ட தையல்களிலும் ஐந்தாண்டுக்குள் நான்கைந்தில் ஒன்று தோற்கிறது.

இந்தத் தேர்வின் இரு பக்கங்களையும் அமெரிக்கக் கூடைப்பந்து காட்டியது. ட்வெய்ன் வேட் 2002-இல், கல்லூரி நாள்களிலேயே, கிழிந்த மெனிஸ்கஸை எடுத்துவிட்டார். விரைவாகத் திரும்பினார், மூன்று முறை சாம்பியன் அணியில் இருந்தார். ஆனால் பிற்பாதி முழுக்க முழங்கால் அவரைப் படுத்தியது. டெரிக் ரோஸ் 2013 நவம்பரில் மெனிஸ்கஸ் கிழிந்தபோது தையலைத் தேர்ந்தெடுத்து அந்தப் பருவத்தின் மீதி முழுவதையும் விட்டுக்கொடுத்தார். 2015 பிப்ரவரியில் அதே முழங்காலின் மெனிஸ்கஸ் மறுபடி கிழிந்தது. அந்த முறை கிழிந்ததை வெட்டி எடுத்துவிட்டு ஏப்ரலில் திரும்பினார். யார் செய்தது சரி? தையல் தோற்றாலும் ரோஸின் முதல் முடிவு சரியென்றே நான் சொல்வேன். 25 வயதில் தையலுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம். 37 வயதில், கடைசி ஒலிம்பிக்காக இருக்கக்கூடியது எட்டு வாரம் தள்ளி நிற்கும்போது, வெட்டுவதற்கும் நியாயம் உண்டு. பதினேழு வயதுக் கபடி வீரனுக்கு ஜோகோவிச்சின் கணக்கைப் போடக் கூடாது. அவனுக்கு இன்னும் ஐம்பது ஆண்டு அந்தக் காலில்தான் நடக்க வேண்டும்.

இனி மூட்டுக் குருத்தெலும்பிலேயே குழி விழுந்தவர்கள். செட்டிநாட்டு வீட்டின் ஆத்தங்குடித் தரையை நினைத்துக்கொள்ளுங்கள். கூடத்தின் நடுவே ஒரு கல் பெயர்ந்துவிட்டது. என்ன செய்வீர்கள்?

எளிய வழி, அந்த இடத்தில் சிமெண்டு பூசுவது. 1980-களில் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் ஸ்டெட்மன் வகுத்த மைக்ரோஃபிராக்சர் அதுதான். குழியின் ஓரங்களைச் சுத்தமாக வெட்டி, அடி எலும்பில் மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில் சிறு துளைகள் இடுவார்கள். மஜ்ஜையிலிருந்து ரத்தம் கசிந்து உறையும். அந்த உறைவிலிருந்து ஒரு திசு வளரும். செலவு குறைவு, ஒரே அறுவை, கருவிகள் எளியவை. ஆனால் வளர்வது பழைய குருத்தெலும்பு அல்ல. நார் மிகுந்த, வலுக்குறைந்த மாற்றுத் திசு. பூசிய சிமெண்டு சில ஆண்டுகள் நன்றாகவே தாங்கும், பிறகு விரிசல் விடும். சிறிய குழிகளில், இளையவர்களிடம் பலன் கூடுதல். கூடைப்பந்து வீரர் அமாரே ஸ்டொடமைர் 2005 அக்டோபரில் இதைச் செய்துகொண்டு, 2006-07 பருவத்தில் ஒரு ஆட்டமும் தவறாமல் 82 ஆட்டங்கள் ஆடினார். கிரெக் ஓடன் 2007-இல் என்.பி.ஏ. என்ற அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரின் அணிகள் புது வீரர்களில் முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தவர். அதே ஆண்டு செப்டம்பரில் இதே சிகிச்சை. பிறகு மற்ற முழங்காலிலும். என்.பி.ஏ. பருவ ஆட்டங்களில் அவர் மொத்தம் ஆடியது 105.

இரண்டாவது வழி, பீரோவுக்கு அடியில் யார் கண்ணிலும் படாத மூலையிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்து நடுக்கூடத்தில் பதிப்பது. முழங்காலில் சுமை குறைவாக விழும் ஓரத்திலிருந்து, குருத்தெலும்பும் அடி எலும்பும் சேர்ந்த சிறு உருளைகளை எடுத்துக் குழியில் செருகுகிறார்கள். புடாபெஸ்டின் லாஸ்லோ ஹாங்கோடி 1990-களில் பரப்பிய மொசைக்பிளாஸ்டி இந்த வகை. உண்மையான குருத்தெலும்பே போய் உட்காருவதால் ஆட்டத்துக்குச் சீக்கிரம் திரும்பலாம். ஆனால் மூலையில் எத்தனை கல் இருக்கும்? இரண்டு மூன்று சதுர சென்டிமீட்டருக்கு மேல் போனால் எடுக்க இடமில்லை. எடுத்த இடமும் சிலருக்கு வலிக்கும்.

பெரிய குழி, அடி எலும்பும் சேர்ந்து கெட்டிருக்கிறது என்றால், இறந்த கொடையாளரின் மூட்டிலிருந்து பொருத்தமான துண்டை எடுத்துப் பதிக்கலாம். லோன்ஸோ பாலுக்கு நடந்தது இது. செல்கள் உயிரோடு இருக்க வேண்டுமென்பதால் அந்தத் திசுவை உறைய வைக்க முடியாது. குளிரில் பாதுகாத்து சுமார் நான்கு வாரத்துக்குள் பொருத்திவிட வேண்டும். அளவும் வளைவும் ஒத்துப்போக வேண்டும். நாடு முழுக்கத் திசு வங்கிகள் ஒழுங்காக இயங்கும் இடத்தில்தான் இது சாத்தியம்.

நான்காவது வழி, கல்லைப் புதிதாகச் செய்துகொள்வது. ஸ்வீடனின் கோதென்பர்க்கில் மாட்ஸ் பிரிட்பெர்க், லார்ஸ் பீட்டர்சன் குழுவினர் 1987-இல் முதலில் செய்து, 23 பேரின் முடிவுகளை 1994-இல் வெளியிட்டார்கள். முதல் அறுவையில் பயறளவு குருத்தெலும்பு எடுத்து, ஆய்வகத்தில் செல்களைச் சில வாரம் பெருக்கி, இரண்டாவது அறுவையில் குழிக்குள் வைப்பது. இப்போது அந்தச் செல்களைக் கொலாஜன் படலத்தில் ஏற்றி ஒட்டுகிறார்கள். அமெரிக்காவில் 2016-இல் அந்த வடிவத்துக்கு அனுமதி கிடைத்தது. இந்தியாவிலும் செல் வளர்ப்பு முறை கிடைக்கிறது. மூன்று சதுர சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள குழிகளில் மைக்ரோஃபிராக்சரைவிட இது மேல் என்று நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனை காட்டியது. விலையும் காலமும்தான் தடை.

எத்தனை பேர் திரும்ப ஆடினார்கள் என்று 2017-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. சொந்த மூட்டிலிருந்து உருளை எடுத்துப் பொருத்தியவர்களில் 93 விழுக்காடு, சராசரி ஐந்து மாதத்தில். கொடையாளர் திசுவில் 88. செல் வளர்ப்பில் 82, ஆனால் ஏறக்குறைய ஒரு வருடம். மைக்ரோஃபிராக்சரில் 58 விழுக்காடு, ஒன்பது மாதம். இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே மருத்துவரிடம் போய் "93 போட்டுவிடுங்கள்" என்று சொல்லாதீர்கள். அந்த 93 விழுக்காட்டினரின் குழிகள் சிறியவை. திரும்ப ஆடினார்கள் என்றால் பழைய தரத்தில் ஆடினார்கள் என்றும் பொருளல்ல.

கல் மட்டும் மாற்றிப் பயனில்லாத வீடுகளும் உண்டு. கால் வளைந்து எடை முழுவதும் ஒரு பக்கமே விழுந்தால், ஏ.சி.எல். அறுந்து மூட்டு வழுக்கிக்கொண்டே இருந்தால், எந்தக் கல்லைப் பதித்தாலும் பெயரும். முதலில் எலும்பை வெட்டி நேராக்க வேண்டும், தசைநாரைச் சரிசெய்ய வேண்டும். குழியை மட்டும் பார்த்துச் சிகிச்சை சொல்கிறவரிடம், எக்ஸ்ரேயில் காலின் நேர்க்கோட்டைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

அறுவைக்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். முதல் ஆறு வாரம், குழி சுமை தாங்கும் இடத்தில் இருந்தால், ஊன்றுகோல். எடை போடக் கூடாது. ஆனால் மூட்டு அசைய வேண்டும். கட்டுப் போட்டு அசையாமல் வைப்பது மூட்டுக்கு ஓய்வு என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. டொராண்டோவின் ராபர்ட் சால்ட்டர் முயல்களில் செய்த சோதனைகளில் இதற்கு நேர்மாறானதைக் கண்டார்: இயந்திரத்தால் இடைவிடாமல் மடக்கி நீட்டப்பட்ட மூட்டுகளில் குருத்தெலும்புக் காயங்கள் நன்றாக ஆறின, அசையாமல் கட்டிவைத்தவை பின்தங்கின. மூட்டு அசையும்போதும் அழுந்தும்போதும்தான் மூட்டு நீர் உள்ளே போய்ச் செல்களுக்கு உணவு தருகிறது. ஸ்டெட்மன் தம் நோயாளிகளை ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் அந்த இயந்திரத்தில் வைத்தார்.

அதன் பிறகு தொடையின் முன்தசை. முழங்கால் வீங்கினால் மூளை அந்தத் தசையை அணைத்துவிடும். சில வாரத்தில் தொடை சூம்பியது கண்ணுக்கே தெரியும். தசை இல்லாவிட்டால் ஒவ்வொரு குதியின் அடியும் நேராகக் குருத்தெலும்பில் இறங்கும். சைக்கிள், தண்ணீரில் நடை, சுவரில் சாய்ந்து பாதி உட்காருதல், ஒற்றைக் கால் பயிற்சி, கடைசியில்தான் ஓட்டமும் குதியும். எத்தனை மாதம் ஆயிற்று என்பதை மட்டும் பார்க்கக் கூடாது. அடிபட்ட காலின் தசை வலு மற்றக் காலில் 90 விழுக்காட்டையாவது தொட வேண்டும். ஒற்றைக் காலில் தாண்டும் தூரமும் அப்படியே. பயிற்சி முடிந்த மறுநாள் காலை வீக்கம் இருக்கக் கூடாது. வீக்கம் இருந்தால் நேற்றுச் செய்தது அதிகம், ஒரு படி இறங்க வேண்டும். செலவில்லாத இந்தச் சோதனையை எல்லாப் பயிற்சியாளர்களும் செய்யலாம்.

செய்ய விடுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், வேலை. மாநிலப் போட்டிச் சான்றிதழ் இந்த வருடமே வேண்டும், வயது வரம்பு தாண்டிவிடும். அந்த நிலையில் ஒரு குடும்பம் ஊசி போட்டு ஆட வைக்கச் சொன்னால் நான் கோபப்படுவதில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன். ஸ்டீராய்டு ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டாண்டு போட்டுப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில், உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட இவர்களுக்குக் குருத்தெலும்பு அதிகம் தேய்ந்தது; வலியில் வித்தியாசமில்லை. அது மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் செய்த ஆய்வு என்றாலும், வலியை மறைத்து ஆடும் இளைஞனுக்கு அதைவிட நல்ல முடிவு வரும் என்று எதிர்பார்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

பேட்மிண்டன் வீராங்கனை சாய்னா நேவாலை எல்லோருக்கும் தெரியும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் காயத்தோடு ஆடித் தோற்றார், அதே மாதம் அறுவை சிகிச்சை. ஒரு வருடத்தில் உலகப் போட்டியில் வெண்கலம், 2018 காமன்வெல்த்தில் சக வீராங்கனை பி.வி. சிந்துவை வென்று தங்கம். மீண்டார் என்று எழுதினோம், கைதட்டினோம். 2023-க்குப் பிறகு அவர் ஆடவில்லை. தமக்கு மூட்டழற்சி இருக்கிறது, குருத்தெலும்பு கெட்டுவிட்டது என்று 2024-இல் அவரே சொன்னார், 34 வயதில். அந்தப் பதக்கங்கள் வேண்டாமென்று அவர் சொல்வாரா என்று எனக்குத் தெரியாது, சொல்ல வேண்டியதும் இல்லை. அது அவர் போட்ட கணக்கு. ஆனால் பதினேழு வயதுப் பையனுக்காகக் கணக்குப் போடுகிறவர்கள் நாம். அவனுக்குத் தெரியாமல் போடக் கூடாது.

எழுதி அனுப்பிய சீட்டுகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

"பி.ஆர்.பி. ஊசி போடலாமா?" சொந்த ரத்தத்தின் தட்டணுக்களைச் செறிவாக்கிப் போடுவது அது. ஆஸ்திரேலியாவில் முழங்கால் தேய்மானம் உள்ள 288 பேரிடம் செய்து 2021-இல் வெளிவந்த சோதனையில், ஓராண்டு கழித்து வலியிலும் குருத்தெலும்பின் அளவிலும் உப்புநீர் ஊசியைவிடக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. குருத்தெலும்பு வளரும் என்று சொல்லி யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஸ்டெம் செல் ஊசிக்கும் இதே பதில், விலை மட்டும் கூடுதல்.

"குளுக்கோசமைன் மாத்திரை?" 2006-இல் 1,583 பேரிடம் பார்த்தார்கள். மொத்தத்தில் வெறும் மாத்திரையைவிட மேலாக இல்லை. அந்தக் காசுக்கு முட்டையும் பயறும் வாங்கிக் கொடுங்கள்.

"அமெரிக்காவின் லிண்ட்சி வான் செயற்கை மூட்டு வைத்துக்கொண்டு பனிச்சறுக்கு ஆடினாரே?" ஆமாம். 2024 ஏப்ரலில் பாதி முழங்கால் மாற்றம், 2025 மார்ச்சில், 40 வயதில், உலகக் கோப்பைப் பந்தயத்தில் இரண்டாமிடம். உலோகமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த மூட்டு அது. தேய்மானம் அதற்கும் உண்டு. எல்லா வழிகளும் தீர்ந்த நாற்பது வயதுக்காரருக்கு அது ஒரு வழி. இருபது வயதுக்காரருக்கு அதை நான் வாயால்கூடச் சொல்ல மாட்டேன்.

"வராமல் தடுக்க முடியாதா?" முடிந்த அளவு முடியும். ஏ.சி.எல். அல்லது மெனிஸ்கஸ் கிழிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பத்திலிருந்து இருபது ஆண்டுக்குள் மூட்டுத் தேய்மானம் வருகிறது. எனவே முதல் கிழிசலைத் தடுப்பதே குருத்தெலும்பைக் காப்பது. ஃபிஃபா 11+ என்ற இருபது நிமிடப் பயிற்சி கால்பந்துக்காக உருவானது. அதில் இருப்பவை தரையிறங்கும்போது முழங்கால் உள்ளே மடங்காமல் பார்ப்பது, ஒற்றைக் கால் சமநிலை, பின்தொடைத் தசை வலு. கருவி எதுவும் வேண்டாம், கபடிக்கும் கைப்பந்துக்கும் பொருந்தும். மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிட்டு நேராக ஆட்டத்தில் இறக்குவதற்குப் பதிலாக, வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது இதைச் செய்ய வையுங்கள்.

கடைசிச் சீட்டு ஒரு தகப்பனாருடையது போலிருக்கிறது: "நான் அந்தக் காலத்தில் வாலிபால் ஆடினவன். இப்போது காலையில் ஓடுகிறேன். ஓடினால் முட்டி தேயும் என்று வீட்டில் திட்டுகிறார்கள்." ஐயா, 2017-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு, முழங்கால் தேய்மானம் இருந்தது 3.5 விழுக்காட்டினருக்கு. ஓடாமல் இருப்பவர்களில் 10.2. போட்டிக்காகத் தீவிரமாக ஓடுகிறவர்களில் 13.3. பழைய காயம் எதுவும் இல்லை, ஓடிய மறுநாள் வீக்கம் இல்லை என்றால் ஓடுங்கள். வீக்கம் வந்தால் ஓட்டத்தை நிறுத்தி என்னைப் போல் ஒருவரிடம் காட்டுங்கள்.